கச்சானா, காற்றா? பூந்தூளால் வரும் வாய்க்கடியையும் உண்மையான கொட்டை ஒவ்வாமையையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று திருவிழாவில் மணலோடு வறுத்துக் கடதாசிச் சுருளில் தரும் கச்சான், அதாவது நிலக்கடலை. மற்றது மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும் கச்சான் காற்று. ஒரு பிள்ளை எதையோ தின்றுவிட்டு வாய் கடிக்குது என்று சொன்னால், காரணம் சில வேளை அந்தக் கொட்டையாக இருக்கும். சில வேளை எப்போதோ காற்றில் வந்து மூக்கில் ஏறிய பூந்தூளாக இருக்கும். (கடி என்று நான் எழுதுவது அரிப்பைத்தான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.)

சென்ற ஓகஸ்டில் எங்கள் விசுவமடு வீட்டில் ஒரே கிழமைக்குள் இரண்டையும் பார்த்தேன். ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் பேத்திக்கு 14 வயது. அப்பிளை ஒரு கடி கடித்தவள், "அம்மம்மா, வாய் கடிக்குது, காதுக்குள்ளயும் கடிக்குது" என்றாள். அவளுடைய தாய் பதறிப்போனாள். "பெரியம்மா, இவளுக்கு நட் அலர்ஜி இருக்கு. அங்க ஹேசல்நட் திண்டாலும் இப்பிடித்தான்" என்று கச்சான், கஜு, கடைசியில் தேங்காய்ச் சம்பலைக்கூட மேசையிலிருந்து எடுப்பித்தாள். அரை மணித்தியாலத்தில் பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு நான்கு வயதுப் பையன் கச்சான் அல்வாவில் ஒரு விரல் நுனி அளவு தின்றான். பத்து நிமிடத்தில் முகமும் வயிறும் தடித்துச் சிவந்தன. இரண்டு தரம் சத்தி எடுத்தான். வீட்டில் கிரந்தி என்று எண்ணெய் தேடினார்கள். "சூடாக்கும் போல அக்கா" என்றாள் தாய். அவன் இருமத் தொடங்கினான், குரல் கம்மியது. நான் 27 வருடம் தாதியாக வேலை செய்தவள், அந்த இருமலை எனக்குத் தெரியும். 1990 ஐ அழைத்தோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதும்தான் பிள்ளைக்குச் சரியாக மூச்சு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னும் இதே போலச் சிறிதாக ஒன்று வந்ததாம். காட்டிய இடத்தில் என்ன தின்றான் என்று ஒரு கேள்வி கேட்காமல் பாணி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் சொன்னாள்.

அந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்ன தின்றது, எப்படித் தின்றது, கடி வாயோடு நின்றதா வாயைத் தாண்டியதா என்று சரியாகச் சொல்லத் தெரிந்த தாய், பாதி நோயைத் தானே கண்டுபிடித்துவிடுவாள்.

எதற்கும் முதல் இது

கச்சானோ கஜுவோ வேறு எதுவோ தின்ற பின் மூச்சு இழுத்தால், இருமல் விடாமல் வந்தால், குரல் கம்மினால், நாக்கு வீங்கினால், பிள்ளை துவண்டு போனால், அல்லது தோல் தடிப்போடு திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எந்த வகை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் காசு இல்லை.

வரும் வரை ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சுக் கஷ்டம் என்றால் சாய்ந்து இருக்கட்டும். சத்தி எடுப்பவரையும் மயங்கியவரையும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். எழுப்பி நடக்க விடக் கூடாது. இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் திடீரென எழுந்து நிற்பதே உயிருக்கு ஆபத்து. உள் கிராமத்தில் வாகனத்தில் கொண்டு போகத்தான் வேண்டும் என்றாலும் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு ஓடாதீர்கள். ஓட்டோவின் பின் சீட்டில் படுக்க வைத்து, ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் இருக்கும் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை கடியையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். மூடுகிற தொண்டையை அது திறக்காது, விழுகிற இரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின் ஒன்றுதான். குளிசை கொடுத்துவிட்டோம், கொஞ்சம் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

முதல் படி: சொற்களைச் சரி செய்வோம்

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் எங்கள் நாட்டில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எங்களுக்குக் கடலை என்றால் கோயிலில் அவித்துத் தாளித்துக் கொடுக்கும் கடலை. தமிழ்நாட்டில் கடலை என்று பொதுவாகச் சொல்வது எங்கள் கச்சானை. கிளிநொச்சிக் கடையில் தொங்கும் இந்தியக் கடலை மிட்டாய்ப் பைக்கற் முழுக்க முழுக்கக் கச்சான். "கடலைதானே, பரவாயில்லை" என்று கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். முந்திரிகைப்பழம் என்றால் எங்களுக்குக் கொடியில் காய்க்கும் பழம். இந்தியப் பைக்கற்றில் முந்திரி என்று இருந்தால் அது கஜு, அதாவது மரமுந்திரிகைப் பருப்பு. சிங்களத்தில் கஜு என்றால் கஜுதான், ரட்டகஜு என்றால் கச்சான். சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு அந்த இரண்டு சொல்லின் எழுத்தையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கச்சான் மரக்கொட்டை இல்லை. பயறு, கௌபி போல அவரைக் குடும்பத்துப் பயிர். கஜு, பாதாம், பிஸ்தா, ஹேசல்நட், வால்நட் எல்லாம் மரக்கொட்டை. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கஜு கட்டாயம் ஒத்துக்கொள்ளாது என்று இல்லை, ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கஜுவும் பிஸ்தாவும் மட்டும் மிக நெருங்கிய சொந்தம். ஒன்று ஆகாது என்றால் மற்றதும் பெரும்பாலும் ஆகாது. வால்நட்டும் பீக்கனும் அப்படித்தான்.

தேங்காய்க்கு ஆங்கிலப் பெயரில் நட் என்று ஒட்டிக்கொண்டிருப்பதால் அதையும் நிறுத்தச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தேங்காய் ஒன்றும் செய்யாது. தேங்காய்க்கே ஒவ்வாமை வருவது அபூர்வம். தேங்காயை நிறுத்தினால் எங்கள் சமையலே நின்றுவிடும். அதைச் சும்மா செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஒஸ்லோவில் பேர்ச் என்றொரு மரம். வெள்ளைப் பட்டை, இளவேனிலில் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அதன் பூந்தூள் காற்றெல்லாம் நிறைந்திருக்கும். ஜேர்மனி, சுவிஸ், லண்டன், ரொறன்ரோ எல்லா இடத்திலும் இளவேனிலில் இதே கதைதான். பேத்திக்கு ஏழெட்டு வயதிலிருந்தே அந்த மாதங்களில் தும்மலும் கண் கடியும். அவளுடைய உடம்பு பேர்ச் பூந்தூளில் உள்ள ஒரு புரதத்தை எதிரி என்று பதிந்து, அதைப் பிடிக்க ஐஜிஈ என்னும் பிறபொருளெதிரியைச் செய்து வைத்திருக்கிறது.

அந்தப் புரதத்தின் சாயலில் இன்னொன்று அப்பிளில் இருக்கிறது. ஹேசல்நட், பாதாம், செரி, பீச், கரட், செலரி, சோயா, கச்சான் என்று பலவற்றில் இருக்கிறது. எங்கள் பலாப்பழத்திலும் முளைவிட்ட பச்சைப் பயறிலும்கூட இருக்கிறது. அப்பிள் வாயில் பட்டதும் உடம்பு அதைப் பேர்ச் என்று நினைத்துக்கொள்கிறது, அங்கேயே கடி எழும்புகிறது. இதைத்தான் பூந்தூள்-உணவு ஒவ்வாமை என்கிறோம்.

அந்தப் புரதம் பலவீனமானது. வெப்பத்தில் சிதையும், இரைப்பைப் புளிப்பில் கரையும். வயல் வரம்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், நாலு நாள் தண்ணீர் நின்றால் இளகிவிடும். ஆகவே தொல்லை வாய், உதடு, தொண்டை மேற்பகுதி, காது என்ற அளவில் வந்து அடங்கிவிடுகிறது.

பையனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது வேறு புரதம். கச்சான் விதை முளைக்கும்போது தின்பதற்கென்று சேமித்து வைத்திருக்கும் புரதம் அது. இரணைமடுக் குளத்துக் கட்டு மாதிரி இறுக்கமாகக் கட்டப்பட்டது. வறுத்தாலும் போகாது, இரைப்பையிலும் கரையாது. முழுசாகக் குடலுக்குப் போய் இரத்தத்தில் ஏறும். தோல், வயிறு, நுரையீரல், இரத்த ஓட்டம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாக்கும். மணலில் வறுக்கும்போது அதன் வீரியம் கூடத்தான் செய்கிறது. அவித்த கச்சானில் கொஞ்சப் புரதம் தண்ணீரோடு வெளியேறும். அதை நம்பி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இங்கே பேர்ச் இல்லையே, எங்கள் பிள்ளைகளுக்கு இது வராதா என்று கேட்பீர்கள். பேர்ச் வகை இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு எதிர்பார்க்கக்கூடியது அல்ல. ஆனால் புல்லின் பூந்தூளில் புரொஃபிலின் என்றொரு புரதம் இருக்கிறது. வத்தகப்பழம், மெலன் வகைகள், தக்காளி, வாழைப்பழம், தோடம்பழம் என்று பலவற்றிலும் அதன் சாயல் உண்டு. வயல் வெளியில் வேலை செய்து, புல் பூக்கும் காலத்தில் மூக்கொழுகும் ஒருவருக்கு வத்தகப்பழம் தின்றால் மட்டும் நாக்கு அரிக்கும் என்றால், இந்த வழியை யோசிக்கலாம். எங்கள் ஓரங்களில் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியத்தைப் பற்றியும் கேட்பார்கள். இந்திய அமைதிப்படைக் காலத்தில் ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது தோலில் சொறியும் மூக்கில் தும்மலும் தரும் என்பது கையால் பிடுங்கிய எவருக்கும் தெரியும். கையுறை போட்டு, பூக்கும் முன் பிடுங்குங்கள்.

மூன்றாம் படி: கதையை எழுதுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுமுள். எந்த இரத்தப் பரிசோதனையும் ஒரு நல்ல கதைக்கு ஈடாகாது. பெரிய டொக்டர்மாரும் முதலில் கேட்பது கதையைத்தான், ஆனால் நெரிசலான கிளினிக்கில் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆகவே ஒரு கொப்பி எடுத்து வீட்டிலேயே எழுதி வையுங்கள்.

முதலில் எழுத வேண்டியது, கடி எங்கே நின்றது என்பது. வாய், உதடு, தொண்டை, காது, அதற்குள் அடங்கியதா? அல்லது கையில், வயிற்றில், தொடையில் தடிப்பு வந்ததா, சத்தி எடுத்தாரா, வயிறு முறுக்கியதா, இருமினாரா? வாயைத் தாண்டிய ஒவ்வொன்றும் கவனிக்க வேண்டியது.

அடுத்தது நேரம். பூந்தூள் வகையில் வாயில் வைத்த ஐந்து, பத்து நிமிடத்துக்குள் கடி எழும்பி, பெரும்பாலும் அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் தானாகப் போய்விடும். உண்மையான கொட்டை ஒவ்வாமை சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எப்போதும் வரலாம். அது ஓரிடத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். இங்கே ஒரு எச்சரிக்கை. உண்மையான ஒவ்வாமையும் வாய்க்கடியோடுதான் அடிக்கடி தொடங்குகிறது. கச்சானோ கஜுவோ தின்று வாய் கடிக்கும் பிள்ளையை முதல் தடவை பார்க்கும்போது, வாயோடு நின்றுவிட்டது என்று முதல் பத்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள். இரண்டு மணித்தியாலம் கண்ணுக்கு முன்னால் வைத்திருங்கள். தனியாக நித்திரைக்குப் போக விடாதீர்கள்.

பிறகு, பச்சையா சமைத்ததா. பேத்தியிடம் நான் கேட்ட கேள்விகளில் இதுதான் கதவைத் திறந்தது. "அப்பிள் கேக் திண்டா?" "ஒண்டும் செய்யாது அம்மம்மா." "கரட் கறி?" "அதுவும் ஒண்டும் செய்யாது. பச்சைக் கரட்தான் கடிக்கும்." சமைத்தால் போய்விடுகிறது, பச்சையில் வருகிறது என்றால் வரம்பு கரைந்துவிட்டது என்று அர்த்தம். அப்பிள் தோலைச் சீவினால் குறைகிறதா என்றும் கேளுங்கள், தோலில்தான் அந்தப் புரதம் கூட. ஆனால் கொட்டைகளில் இந்தச் சோதனை அவ்வளவு நம்பிக்கையானது அல்ல. இலேசாக வறுத்த ஹேசல்நட்டில் பூந்தூள் சாயல் புரதம் முழுக்கச் சாகாமலும் இருக்கலாம்.

எவ்வளவு தின்றார் என்பதும் முக்கியம். பையன் தின்றது விரல் நுனி அளவு. இத்தனை சிறிய அளவுக்கு முழு உடம்பும் கொந்தளிப்பது கொட்டை ஒவ்வாமையின் குணம்.

வயதையும் எழுதுங்கள். கச்சான், கஜு ஒவ்வாமை பெரும்பாலும் சின்ன வயதில், முதல் சில தடவை தின்னும்போதே காட்டிவிடும். பூந்தூள் வகை அப்படி இல்லை. முதலில் சில வருடம் மூக்கொழுகி, தும்மி, பிறகுதான் உணவில் இறங்கும். "பத்து வயது மட்டும் அப்பிள் நல்லாத் திண்டவள், பிறகுதான் கடிக்கத் தொடங்கினது" என்ற வாக்கியம் பூந்தூளின் வாக்கியம்.

கடைசியாக மூக்கும் பருவமும். பேர்ச் காலத்தில் வாய்க்கடி கூடி, மற்ற மாதங்களில் குறைகிறதா? கனடாவில் இருப்பவர்களுக்கு ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை ரக்வீட் என்ற களையின் காலம். அவர்களுக்கு மெலன், வாழைப்பழம், வெள்ளரி கடிக்கும். வன்னிக்கு வந்த பின்னும் கடி வருகிறதே, இங்கே அந்த மரம் இல்லையே என்று கேட்கக் கூடாது. பிறபொருளெதிரி ஆளோடுதான் விமானத்தில் வருகிறது.

பேத்தியின் பக்கம் இப்படி அமைந்தது: அப்பிள், பச்சைக் கரட், ஹேசல்நட், வாயும் காதும் மட்டும், அரை மணித்தியாலம், சமைத்தால் இல்லை, பத்து வயதுக்குப் பின், ஏப்ரலில் தும்மல், வறுத்த கச்சான் பல தரம் தின்றிருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. பையனின் பக்கம்: கச்சான் அல்வா, விரல் நுனி, பத்து நிமிடம், தடிப்பு, சத்தி, இருமல், குரல், நான்கு வயது, மூக்குப் பிரச்சினை எதுவும் இல்லை, முன்னரும் ஒரு தரம். இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் டொக்டர் தேவையில்லாமலே எந்தத் திசை என்று தெரிகிறது. திசை தெரிகிறது என்றுதான் சொல்கிறேன். முடிவு டொக்டரிடம்.

நான்காம் படி: இரண்டும் இல்லாத கடிகளைக் கழியுங்கள்

கருணைக்கிழங்கு காறுவது ஒவ்வாமை அல்ல. அதில் ஊசி போன்ற ஒக்சலேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன, அவை எவர் நாக்கையும் குத்தும். புளி விட்டு அவிப்பது சும்மா இல்லை. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிவதும் அதில் உள்ள புரோமெலெயின் என்ற நொதியின் வேலை. மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் கொப்புளம் எழும்புவது வேறு ஒரு வகை. அது தோலில் பட்ட இடத்தில் மெதுவாக, ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும். மாவும் மரமுந்திரிகையும் ஒரே குடும்பம் என்பதால் பச்சைக் கஜுக் கோதின் எண்ணெயும் கையைச் சுட்டு உரிக்கும். கோதை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். அதை வைத்து அவர்களுக்குக் கஜுப் பருப்பு ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல முடியாது.

இறால் தின்று வாய் கடிப்பதைப் பூந்தூள் கணக்கில் சேர்க்காதீர்கள். இறாலின் புரதம் கொதித்தாலும் சாகாது, வீட்டுத் தூசியில் இருக்கும் உண்ணியின் புரதத்துக்குச் சொந்தம். அது தனியாகக் காட்ட வேண்டிய விஷயம்.

ஐந்தாம் படி: வாய்க்கடிதானே என்று விடக்கூடாத இடங்கள்

பூந்தூள் வகை பெரும்பாலும் தொல்லை மட்டும்தான். ஆனாலும் நூற்றில் ஓரிருவருக்கு அது வாயைத் தாண்டிப் பெரிய ஆபத்தாக மாறியதாகப் பதிவுகள் உண்டு. சோயாப் பால், சோயாப் புரதத் தூள் போன்றவற்றை ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் பேர்ச் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கடுமையாக வந்திருக்கிறது. செலரியும் அப்படி, சமைத்தாலும் முழுக்க நம்ப முடியாது. வெறும் வயிற்றில் நிறையத் தின்பது, தின்றதும் ஓடுவது, மது, புரூபன் போன்ற வலிக் குளிசைகள் எல்லாம் எந்த ஒவ்வாமையையும் கூட்டும். இரைப்பைப் புளிப்பைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் எடுப்பவருக்கு வயிற்றில் புரதம் கரைவதும் குறையும். எங்கள் ஊரில் அந்தக் குளிசையை மிட்டாய் போல விழுங்குகிறார்கள், ஆகவே அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் கூடுதலாகக் காணும் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பீச், வால்நட், ஹேசல்நட் போன்றவற்றில் உள்ள எல்டிபி என்ற புரதத்துக்கு வருவது. அது பழத்தால் வந்தாலும் வெப்பத்தில் கரையாது, முழு உடம்பையும் தாக்கும். இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு, சமைத்த பழத்துக்கும் தடிப்பு வருகிறது என்றால் இதைச் சொல்லுங்கள்.

தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை, ஒரு தரமாவது வாயைத் தாண்டிய பிள்ளை, கச்சானுக்கோ மரக்கொட்டைக்கோ வாய் கடிக்கும் பிள்ளை, இவர்களைக் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள். அப்பிளுக்கு மட்டும் வாய் கடித்தால் அவ்வளவு அவசரம் இல்லை. கொட்டைக்குக் கடித்தால் எந்த வகை என்று தெரியும் வரை அந்தக் கொட்டையை நிறுத்துங்கள்.

ஆறாம் படி: பரிசோதனைகள், அவற்றை எப்படி வாசிப்பது

முதலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஒன்றுக்குப் போங்கள். பிள்ளை என்றால் பிள்ளைகள் நல டொக்டரைச் சந்தித்து, அவர் எழுதித் தரும் இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வாமைப் பரிசோதனைகளுக்குக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் வரை போக வேண்டி வரலாம். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகும் பயணம். ஆகவே கொப்பியை மறக்காமல் கொண்டு போங்கள்.

தோலில் துளி விட்டு நுனியால் குத்திப் பார்ப்பது ஒன்று. சுமார் 15 நிமிடத்தில் நுளம்பு கடித்தது போல மேடு வரும். 3 மில்லிமீற்றர் அல்லது கூடினால் பொசிட்டிவ் என்பார்கள். அதற்கு முன் பிரிட்டன் போன்ற குளிசைகளைச் சில நாள் நிறுத்த வேண்டும், பொதுவாக ஒரு கிழமை அளவு. எப்போது நிறுத்துவது என்று அங்கேயே கேளுங்கள். குளிசை எடுத்தபடி போய் வெறுங்கையோடு திரும்பிய ஆட்கள் நிறையப் பேர். பழங்களுக்குப் போத்தலில் வரும் சாறு சரி வராது, அந்தப் பலவீனமான புரதம் அதிலேயே அழிந்திருக்கும். உண்மையான அப்பிளைக் குத்தி அதே ஊசியால் தோலைக் குத்துவார்கள்.

இரத்தத்தில் ஐஜிஈ பார்ப்பது மற்றது. இங்கேதான் சனம் ஏமாறுகிறது. கச்சானுக்குப் பொசிட்டிவ் என்று தாளில் வந்தால் கச்சான் ஒவ்வாமை என்று அர்த்தம் இல்லை. பேர்ச் அல்லது புல்லின் பூந்தூளுக்குப் பழகிய இரத்தம், கச்சானின் சாயலைப் பார்த்தும் பொசிட்டிவ் காட்டும். தின்று ஒன்றும் நடக்காத ஒருவரைத் தாளை வைத்து நோயாளியாக்கக் கூடாது.

ஆகவே வெளிநாடுகளில் புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கச்சானில் அரா எச் 2 என்ற சேமிப்புப் புரதத்துக்குப் பொசிட்டிவ் என்றால் உண்மையான ஒவ்வாமைக்குப் பலமான சாட்சி. அரா எச் 8 மட்டும் பொசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பேர்ச்சின் வேலை. ஹேசல்நட்டில் கோர் ஏ 1 பூந்தூள் பக்கம், கோர் ஏ 9, கோர் ஏ 14 ஆபத்துப் பக்கம். கஜுவில் அனா ஓ 3 தான் பார்க்க வேண்டியது. வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் இப்படி ஒரு தாள் இருந்தால் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேத்தியின் தாளில் கோர் ஏ 1 மட்டும்தான் இருந்தது. மூன்று வருடமாக அலமாரியில் கிடந்த தாள் அது, யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் என்றால் வைத்தியசாலையில் வைத்து, சிறு துணிக்கையிலிருந்து படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் கடைசித் தீர்ப்பு. பக்கத்தில் அட்ரினலினும் தெரிந்த ஆட்களும் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்யக்கூடியது. வீட்டில் "கொஞ்சம் குடுத்துப் பாப்பம்" என்று ஒருபோதும் செய்யாதீர்கள். போன தரம் சின்னதாக வந்தது, இந்த முறையும் அப்படித்தான் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஐஜிஜி என்ற வேறொரு பிறபொருளெதிரியை நூறு உணவுக்கு ஒரே தடவையில் பார்க்கும் விலையுயர்ந்த பரிசோதனைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது நீங்கள் எதைத் தின்றிருக்கிறீர்கள் என்று சொல்லும், எது ஒவ்வாது என்று சொல்லாது.

ஏழாம் படி: தெரிந்த பின் எப்படி வாழ்வது

பூந்தூள் வகை என்று டொக்டர் உறுதியாகச் சொன்னால் வாழ்க்கை இலேசு. கடிக்கும் பழத்தைச் சீவி, அவித்துத் தின்னலாம். கடிக்காததை நிறுத்தத் தேவையில்லை. வாய் கடித்ததும் துப்பி, தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

கொட்டை ஒவ்வாமை என்றால் வீடு முழுக்கப் பழக வேண்டும். மிக்சர், ரொபி, கேக், சர்க்கரைப் பொங்கலில் போடும் கஜு, திருவிழாவில் ஒரே அகப்பையால் கச்சானும் கடலையும் அள்ளும் கடை, எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டு சூட்கேஸில் வரும் சொக்லேட்டில் பாதிக்கு ஹேசல்நட் இருக்கும், நியூட்டெல்லா ஹேசல்நட்டால்தான் செய்கிறார்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும். எள்ளு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நல்லெண்ணெயும் ஆகாது.

அட்ரினலின் பேனா ஊசியை எங்கள் ஊர் ஃபார்மசிகளில் எதிர்பார்க்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இரண்டைக் கொண்டு வந்து, சூட்கேஸில் போட்டு வைக்காமல் ஆளோடு வைத்திருக்க வேண்டும். எங்கள் வெயிலில் வாகனத்துக்குள் விட்டால் மருந்து கெடும். இங்கே இருப்பவர்கள் அவசரத்துக்கு என்ன ஏற்பாடு என்று டொக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பெரிதாக ஒன்று வந்து ஊசி போட்ட பின், நல்லாகிவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். சில மணித்தியாலம் கழித்து இரண்டாம் தடவை எழும்பலாம்.

பயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கச்சானை நிறுத்தும் வீடுகளுக்கும் ஒன்று. லண்டனில் நடந்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கச்சான் உணவைக் கொடுத்துப் பழக்கியதால் கச்சான் ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குக் குறைந்தது. ஏற்கெனவே கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் டொக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு நன்றாக அரைத்துக் கூழில் கலந்து கொடுக்கலாம். முழுக் கச்சானை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம், மூச்சுக் குழாயில் சிக்கும்.

பேத்தி போகும் முன் தேங்காய்ச் சம்பல் மேசைக்குத் திரும்பிவிட்டது. பையனுக்கு அவனுடைய தாயும் நானும் ஒரு அட்டை எழுதினோம். மேலே தமிழில்: "எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. தின்றால் மூச்சு அடைக்கும். உடனே 1990." கீழே சிங்களத்தில் ரட்டகஜு என்று அதே செய்தி. ஒன்றைப் பாலர் பாடசாலைப் பையின் மூடிக்கு உள்ளே ஒட்டினோம், ஒன்றைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில். மூன்றாவதை அவள் சந்திக் கடைக்காரரிடம் கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் அதை ரொபிப் போத்தல்களுக்குப் பின்னால், தன் கண்ணுக்குப் படும் இடத்தில் குத்தி வைத்திருக்கிறார்.